அந்தச் செலவை எந்தக் கணக்கில் எழுதினார்கள்?

அவையோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் படைச் செலவுக் கணக்குகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். போர்முனையை நான் பார்த்ததில்லை. போர்முனைக்குப் போன அரிசி, டீசல், கம்பளி, ரயில் வேகன் ஆகியவற்றின் பில்களைப் பார்த்திருக்கிறேன். இன்று என்னை அழைத்த நண்பர்கள், "ஒரு நாட்டின் மேல் இன்னொரு நாடு பாய்ந்துவிடாமல் இருக்க, மூன்றாவது நாடு தன் படையை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறதே, அந்தச் செலவை எப்படித் திட்டமிடுகிறார்கள்?" என்று கேட்டார்கள். அதற்கு எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே நிகழ்வை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2014-க்குப் பிறகு ஐரோப்பாவின் கிழக்கு விளிம்பில், ரஷ்யாவைத் தடுக்க அமெரிக்காவும் அதன் கூட்டணி நாடுகளும் படை நிறுத்திய நிகழ்வு அது.

அதற்கு ஓராண்டு பின்னால் போக வேண்டும். 2013 மார்ச் மாதம், ஜெர்மனியின் கைசர்ஸ்லவுட்டர்ன் நகரத்து இராணுவ ரயில் முனையத்தில் 22 ஆப்ராம்ஸ் டாங்கிகளை வேகன்களில் ஏற்றினார்கள். அங்கிருந்து பிரெமர்ஹாஃபன் துறைமுகம். அங்கிருந்து கப்பலில் அமெரிக்கா. ஜெர்மனியில் மிஞ்சியிருந்த அமெரிக்க டாங்கிகள் அவ்வளவுதான். பனிப்போரின் கடைசிக் காலத்தில் ஐரோப்பாவில் 3 லட்சத்துக்கு மேல் அமெரிக்கப் படையினர் இருந்தார்கள். 2013-ல் அது ஏறத்தாழ 65 ஆயிரமாகச் சுருங்கியிருந்தது. கனரகப் பிரிகேடுகளை, அதாவது சில ஆயிரம் வீரர்கள் கொண்ட டாங்கிப் படைப்பிரிவுகளை, கலைத்தார்கள், முகாம்களை மூடினார்கள், மிச்சம் பிடித்தோம் என்று கணக்கு காட்டினார்கள். அன்றைய நிலையில் அது பிழையென்று யாரும் சொல்லியிருக்க முடியாது. அடுத்த ஆண்டு அதே மார்ச் மாதத்தில் ரஷ்யா உக்ரைனின் கிரிமியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அந்த 22 டாங்கிகள் இருந்திருந்தால் கிரிமியா தப்பியிருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. திருப்பி அனுப்புவது எளிது, திரும்பக் கொண்டுவருவதற்கு எத்தனை மடங்கு செலவாகும் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

கிரிமியாவுக்குப் பிறகு அதிகமாகப் பதறியவர்கள் எஸ்டோனியா, லாத்வியா, லிதுவேனியா என்ற மூன்று சிறிய பால்டிக் நாடுகளின் மக்கள். எஸ்டோனியாவின் மக்கள்தொகை பதின்மூன்று லட்சம்; மதுரை நகரத்தையும் அதன் சுற்றுப்பகுதியையும் சேர்த்துப் பார்த்தால் அதைவிடக் குறைவாகவே இருக்கும். 1949 மார்ச் மாதத்தில் சில நாள்களுக்குள் இந்த மூன்று நாடுகளிலிருந்து 90 ஆயிரத்துக்கும் அதிகமானோரைச் சோவியத் அரசு சரக்கு ரயில்களில் ஏற்றித் தொலைதூரத்துக்கு நாடுகடத்தியது. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1991 ஜனவரி 13 அன்று லிதுவேனியாவின் தலைநகர் வில்னியஸில் தொலைக்காட்சிக் கோபுரத்தைச் சோவியத் படை கைப்பற்ற வந்தபோது, ஆயுதமில்லாமல் சுற்றி நின்ற மக்களில் 14 பேர் உயிரிழந்தார்கள். இந்த நினைவு அங்கே பாடப்புத்தகத்தில் மட்டும் இல்லை; பாட்டியின் வாயில் இருக்கிறது. 2004-ல் அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த இராணுவக் கூட்டணியான நேட்டோவில் சேர்ந்தபோது அவர்கள் வாங்கியது, ஒருவரைத் தாக்கினால் எல்லோரும் துணைக்கு வருவோம் என்ற ஒரு வாக்குறுதியைத்தான். வாக்குறுதி காகிதத்தில் இருந்தது. கிரிமியாவுக்குப் பிறகு அதைக் கண்ணால் பார்க்க விரும்பினார்கள்.

முதலில் வந்தது சின்னஞ்சிறு படை. 2014 ஏப்ரலில், இத்தாலியின் விசென்சாவில் இருந்த அமெரிக்காவின் 173-வது வான்குதிப்புப் பிரிகேடிலிருந்து ஏறத்தாழ 600 பேர். போலந்துக்கும் மூன்று பால்டிக் நாடுகளுக்கும் தலைக்கு 150 பேர். நூற்றைம்பது வீரர்கள் ஒரு நாட்டைக் காப்பாற்ற முடியுமா? முடியாது. ஆனால் அவர்களைத் தாண்டித்தான் எதிரி உள்ளே வர வேண்டும், அவர்கள் மேல் குண்டு விழுந்தால் அமெரிக்கா சும்மா இருக்காது, இந்தக் கணக்கை எதிரியும் போட்டுப் பார்ப்பான் என்பதே அதன் பொருள். வயல் வரப்பில் கட்டிய மணிக்கயிறு மாதிரி. கயிறு பன்றியைத் தடுக்காது. மணி அடித்தால் வீட்டுக்காரன் வருவான் என்பது பன்றிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்காரன் எவ்வளவு நேரத்தில் வருவான்? இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். 2016-ல் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் வரைபடத்தை விரித்து, போர் விளையாட்டாகப் பலமுறை ஆடிப் பார்த்தது. ரஷ்யப் படை எஸ்டோனியத் தலைநகர் தாலின், லாத்வியத் தலைநகர் ரீகா ஆகியவற்றின் வாசலை எட்ட அதிகபட்சம் 60 மணி நேரம் என்று முடிவு வந்தது. இரண்டரை நாள். அதைத் தடுத்து நிறுத்த ஏழு பிரிகேடுகள் வேண்டும், அவற்றில் மூன்று கனரகக் கவசப் பிரிகேடுகளாக இருக்க வேண்டும், ஆண்டுக்கு ஏறத்தாழ 270 கோடி டாலர் ஆகும் என்று அந்த ஆய்வு சொன்னது. அட்லாண்டிக்கைக் கடந்து கப்பல் வர வாரங்கள் ஆகும். எதிரிக்கு இரண்டரை நாள் போதும். இந்த இடைவெளியைப் பணத்தால் நிரப்ப வேண்டியிருந்தது.

2014 ஜூன் 3 அன்று வார்சாவில் அதிபர் ஒபாமா 100 கோடி டாலர் வரை செலவிடும் ஒரு திட்டத்தை அறிவித்தார். ஐரோப்பிய உறுதியளிப்புத் திட்டம் என்று அதற்குப் பெயர். முதல் ஆண்டு 98.5 கோடி டாலர் கிடைத்தது. இரண்டாம் ஆண்டு 78.9 கோடியாகக் குறைந்தது. மூன்றாம் ஆண்டு ஒரே தாவலில் 340 கோடி. 2018 நிதியாண்டில் ஏறத்தாழ 480 கோடி. அதற்கடுத்த ஆண்டு 650 கோடி. பெயரையும் மாற்றினார்கள். 'உறுதியளிப்பு' போய் 'தடுப்பு' வந்தது. நண்பனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த திட்டம், எதிரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது.

இந்தத் தொகைகளைப் பார்க்கும்போது கணக்குத்துறை ஆள் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு?" என்பது இல்லை. "எந்தக் கணக்கில்?" என்பதுதான்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு அப்போது இரண்டு பைகள் இருந்தன. ஒன்று வழக்கமான அடிப்படை பட்ஜெட். அதில் எழுதப்படும் செலவு அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் தொடர்ந்து வரும். இன்னொன்று, 2001-க்குப் பிறகு ஆப்கானிஸ்தான், ஈராக் போர்களுக்காக வளர்ந்த தனிக்கணக்கு. வெளிநாட்டு அவசரச் செயல்பாடுகளுக்கானது. 2011-ல் அரசுச் செலவுகளுக்கு உச்சவரம்பு விதித்துச் சட்டம் வந்தபோது, இந்தத் தனிக்கணக்கு மட்டும் வரம்புக்கு வெளியே இருந்தது. ஆகவே எந்தப் புதுச் செலவையும் அதில் தள்ளுவது வசதியாகப் போயிற்று. ஐரோப்பியத் திட்டத்தையும் அதில்தான் எழுதினார்கள். அந்தக் கணக்கு ஆண்டுக்கு ஆண்டு புதிதாகக் கேட்டு வாங்க வேண்டியது. இந்த ஆண்டு உண்டு. அடுத்த ஆண்டு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எதிரியைப் பார்த்து "நான் இங்கேதான் இருப்பேன், நகரமாட்டேன்" என்று சொல்லவேண்டிய செலவை, "இது தற்காலிகம்" என்று தலைப்பு எழுதிய ஏட்டில் பதிந்தார்கள்.

என் அனுபவம் ஒன்றைச் சொன்னால் இதன் வலி புரியும். பணியில் சேர்ந்த புதிதில், மலைப்பகுதியில் இருந்த ஒரு படைப்பிரிவின் கம்பளிக் கோட்டுகளுக்கான கோப்பு என் மேசைக்கு வந்தது. முந்தைய கோடையிலேயே கேட்டிருந்தார்கள். பணம் எந்தத் தலைப்பில் என்பதில் இரண்டு அலுவலகங்களுக்கு இடையே இழுபறி. கடைசியில் நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில், பணம் காலாவதியாகிவிடுமே என்று அவசர அவசரமாக ஒப்புதல் கொடுத்தார்கள். கோட்டுகள் வந்து இறங்கியபோது பனி உருகத் தொடங்கியிருந்தது. பில்லில் எல்லாம் சரியாக இருந்தது. எண்ணிக்கை சரி, விலை சரி, கையெழுத்து சரி. நானும் சரிபார்த்துக் கையொப்பமிட்டேன். பிறகு ஒருநாள் அந்தப் பிரிவிலிருந்து வந்த ஒரு ஹவில்தார், பேச்சுவாக்கில், குளிர் முழுவதும் இரண்டு பேர் ஒரு கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக் காவல் நின்றதைச் சொன்னார். காவல் முடித்து வருபவர் கழற்றிக் கொடுக்க, அந்தச் சூட்டோடு அடுத்தவர் போட்டுக்கொண்டு போவாராம். ஓராண்டுப் பணத்தைக்கொண்டு நெடுங்காலக் காவலை நடத்த முடியாது என்பதை நான் கற்றுக்கொண்டது புத்தகத்திலிருந்து இல்லை. அந்த மனிதரின் முகத்திலிருந்து.

அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கீழ் இயங்கும் தணிக்கை அமைப்பு 2017 டிசம்பரில் இந்தத் திட்டத்தைப் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. ஐரோப்பாவில் எந்த வேலை முதலில், எது அடுத்தது என்ற முன்னுரிமையைப் பாதுகாப்புத் துறை மற்றச் செலவுகளோடு ஒப்பிட்டு வகுக்கவில்லை. வருங்காலத்தில் என்ன செலவாகும் என்ற மதிப்பீட்டை முழுமையாகத் தயாரித்து நாடாளுமன்றத்துக்குச் சொல்லவும் இல்லை. இதுதான் அதன் சாரம். கிடங்கு ஒன்றைக் கட்டினால் அதற்குக் காவலாளி வேண்டும், மின்சாரம் வேண்டும், உள்ளே நிற்கும் டாங்கிக்கு மாதாமாதம் எண்ணெய் மாற்றவும் பேட்டரி மாற்றவும் ஆள் வேண்டும். கட்டுமானச் செலவு ஒருமுறைதான். பராமரிப்பு பத்தாண்டு, இருபதாண்டு. முதல் செலவை மட்டும் கேட்டு வாங்கி, அடுத்ததைச் சொல்லாமல் விடுவது, கல்யாணச் செலவுக்கு மட்டும் கடன் வாங்கிவிட்டுக் குடித்தனச் செலவை யோசிக்காமல் இருப்பதைப் போன்றது. 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று நம் வீடுகளில் சொல்வார்கள். படைச் செலவு ஆற்றில் போடுவதைப் போலத் தோன்றும். அதனால்தான் அதிகமாக அளக்க வேண்டும்.

இனி, இந்தப் பணம் எதற்குப் போனது என்று பார்ப்போம். படை இருப்பு, கூட்டுப் பயிற்சி, முன்கூட்டியே தளவாடம் வைத்தல், கட்டமைப்பு, நட்பு நாடுகளின் திறனை வளர்த்தல் என ஐந்து தலைப்புகள். பத்திரிகைகளில் படம் வருவது முதல் இரண்டுக்குத்தான். நான் மற்றவற்றைப் பற்றித்தான் அதிகம் பேச விரும்புகிறேன்.

2017 ஜனவரித் தொடக்கத்தில் பிரெமர்ஹாஃபனில் மூன்று கப்பல்களிலிருந்து ஒரு முழுக் கவசப் பிரிகேடு இறங்கியது. கொலராடோவிலிருந்து வந்த அந்தப் பிரிகேடில் ஏறத்தாழ 3,500 வீரர்கள், 87 டாங்கிகள், 144 பிராட்லி கவச வண்டிகள். அவற்றைப் போலந்தின் ஜகான் பகுதிக்குக் கொண்டுபோக வேண்டும். வரைபடத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துவிடலாம். தரையில் அப்படி இல்லை.

ஒரு டாங்கியை வேகனில் ஏற்றுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நம் நாட்டில், ஒரு சரக்கு நிலையத்தில், விடியற்காலையில். ஓட்டுநர் தலையை மட்டும் வெளியே நீட்டியிருப்பார். எதிரே ஒருவர் பின்னால் நடந்தபடி இரண்டு கைகளாலும் சைகை காட்டுவார். டாங்கியின் சக்கரப் பட்டை வேகனின் ஓரத்தைவிட இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே நிற்கும். ஒரு சாண் தவறினால் கவிழ்ந்துவிடும். ஏறி நின்றதும் மரக்கட்டைகளை அடித்து முட்டுக்கொடுத்து, சங்கிலியால் நான்கு மூலையிலும் இறுக்குவார்கள். ஒரு டாங்கிக்கு அரை மணி நேரம் போனது. அங்கே 87 இருந்தன. ஏற்றிறக்கும் மேடைகள் இரண்டு இருந்தால் ஒரு நாள் மிச்சம். நான்கு இருந்தால் இன்னும் மிச்சம். அந்த மேடை சிமெண்டால் ஆனது. அதைப் படம் எடுக்க எந்தப் பத்திரிகையாளரும் போகமாட்டார். ஆனால் இரண்டரை நாள் கணக்கில் அரை நாளைக் குறைத்துத் தருவது அந்தச் சிமெண்ட் மேடைதான்.

அடுத்தது தண்டவாளம். போலந்தில் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர். பால்டிக் நாடுகளில் ரஷ்யப் பேரரசின் காலத்திலிருந்து வந்த 1,520 மில்லிமீட்டர். இடையே 85 மில்லிமீட்டர், நான்கு விரல்கடை. மீட்டர் கேஜிலிருந்து பிராட் கேஜுக்கு மாறும் நிலையத்தில் மூட்டைகளைத் தோளில் சுமந்து மறுவண்டிக்கு மாற்றியதை இங்கே இருக்கும் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான், மூட்டைக்குப் பதில் 60 டன்னுக்கு மேல் எடையுள்ள டாங்கி. போலந்திலிருந்து லிதுவேனியாவின் கௌனஸ் வரை ஐரோப்பிய அகலத்தில் பாதை 2015-ல் முடிந்தது. போலந்து எல்லையிலிருந்து தாலின் வரை போகவேண்டிய ரயில் பால்டிகா என்ற திட்டம் 870 கிலோமீட்டர் நீளம். 2017-ல் 580 கோடி யூரோ என்று மதிப்பிட்டார்கள். 2024-ல் அந்த மதிப்பீடு ஏறத்தாழ 2,400 கோடி யூரோவாக ஏறியது. பயணிகளுக்கும் சரக்குக்குமான ரயில்தான் அது. ஆனால் அதற்கு ஓர் இராணுவப் பயன் இருக்கிறது என்பதை எல்லோரும் அறிவார்கள். இந்தச் செலவைப் பாதுகாப்புக் கணக்கில் எழுதுவதா, போக்குவரத்துக் கணக்கில் எழுதுவதா? ஐரோப்பாவில் இன்றும் தீராத வாக்குவாதம் இது.

சாலையும் அப்படித்தான். 2018 ஜனவரியில் ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், அமெரிக்கப் பீரங்கி வண்டிகளை ஏற்றிவந்த போலந்து லாரிகளை நெடுஞ்சாலைப் போலீஸ் நிறுத்தியது. எடை அதிகம், அனுமதித் தாள்கள் சரியில்லை, ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கவில்லை. போலீஸ் மேல் எந்தத் தவறும் இல்லை. அவர்கள் தங்கள் கடமையைச் செய்தார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். கூட்டணி நாட்டின் ஆயுதம், கூட்டணி நாட்டின் சாலையில், ஒரு தாள் இல்லாததால் நின்றது. எல்லை தாண்டும் அனுமதிகளை எளிதாக்கவும் பாலங்களைப் பலப்படுத்தவும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாகம் 2018-ல் 650 கோடி யூரோ கேட்டது. ஏழாண்டு பட்ஜெட் முடிவாகி வெளிவந்தபோது 169 கோடிதான் மிஞ்சியது. பெருந்தொற்றுக் காலத்தில் வெட்டுவதற்குச் சுலபமாகக் கண்ணில் பட்ட தலைப்பு அது. இரண்டு ஆண்டுகளுக்குள் உக்ரைனில் முழு அளவிலான போர் தொடங்கியது.

ஆனால் பணம் சரியான இடத்துக்குப் போன ஒரு தலைப்பும் உண்டு. அதை நான் மனம் நிறைந்து பாராட்டுகிறேன். ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் பெரிய கொட்டகைகளில் ஒரு முழுப் பிரிகேடுக்கான டாங்கிகளையும் வண்டிகளையும் ஆளில்லாமல் நிறுத்திவைத்தார்கள். ஆண்டுக்கணக்கில் அவை அங்கே நின்றன. துடைப்பதற்கும், இயக்கிப் பார்ப்பதற்கும், மீண்டும் மூடிவைப்பதற்கும் ஆண்டுதோறும் பணம் போனது. பயன்படாத பொருளுக்கு இவ்வளவு செலவா என்று கேட்கத் தோன்றும். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்ட் ஸ்டூவர்ட் முகாமிலிருந்து ஒரு கவசப் பிரிகேடைச் சேர்ந்த ஏறத்தாழ 3,800 பேருக்கு உத்தரவு போனது. அவர்கள் விமானத்தில் வந்தார்கள். கைப்பையும் சொந்தத் துப்பாக்கியும்தான் கொண்டுவந்தார்கள் என்று சொல்லலாம். மான்ஹைம் கிடங்கில் வண்டிகளைப் பெற்றுக்கொண்டார்கள். மார்ச் மாதத்துக்குள்ளேயே கிராஃபென்வோர் பயிற்சிக் களத்தில் அந்த டாங்கிகளிலிருந்து சுட்டுப் பயிற்சி செய்தார்கள். கப்பலில் வந்திருந்தால் அதே நேரத்தில் கடலில் பாதித் தூரத்தில் இருந்திருப்பார்கள். அந்தக் கொட்டகைகளில் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்த பெயர் தெரியாத மெக்கானிக்குகளை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இப்போது சிக்கலான ஒரு கேள்விக்கு வருகிறேன். படையைச் சுழற்சி முறையில் அனுப்புவதா, நிரந்தரமாகக் குடியமர்த்துவதா?

நேட்டோ 2016 வார்சா மாநாட்டில் பிரிகேடைவிடச் சிறிய நான்கு பட்டாலியன் குழுக்களைக் கிழக்கே நிறுத்த முடிவுசெய்தது. எஸ்டோனியாவில் பிரிட்டன் தலைமை, லாத்வியாவில் கனடா, லிதுவேனியாவில் ஜெர்மனி, போலந்தில் அமெரிக்கா. ஆனால் ஒருவர் போக இன்னொருவர் வருவார். யாரும் நிரந்தரமாகத் தங்கமாட்டார்கள். 1997-ல் ரஷ்யாவோடு செய்துகொண்ட உடன்பாட்டில், பெரிய போர்ப்படைகளை நிரந்தரமாக நிறுத்த மாட்டோம் என்று நேட்டோ சொல்லியிருந்தது. அந்தச் சொல்லை மீறாமல் இருக்கக் கண்டுபிடித்த வழி சுழற்சி. கொடுத்த சொல்லைக் காப்பாற்ற முயன்றதை நான் மதிக்கிறேன். ஆனால் கணக்கு வேறு கதை சொன்னது. அமெரிக்கக் கவசப் பிரிகேடு ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை தன் எல்லா வண்டிகளோடும் கடல் கடந்து வரும். பழையது தன் எல்லா வண்டிகளோடும் கடல் கடந்து போகும். நிரந்தரமாக ஒரு பிரிகேடை வைத்திருப்பதைவிட இது ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் கூடுதலாகும் என்று அமெரிக்க இராணுவக் கல்லூரியில் 2017-ல் செய்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. குடும்பத்தைப் பிரிந்த வீரர்களின் மனச்சோர்வுக்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை.

சுழற்சியில் இன்னொரு பலவீனம் இருக்கிறது. நிரந்தர முகாமை மூடவேண்டும் என்றால் சட்டம், விவாதம், ஒப்பந்தம் எல்லாம் வேண்டும். சுழற்சியை நிறுத்த ஒன்றும் செய்யவேண்டியதில்லை. அடுத்த குழுவை அனுப்பாமல் இருந்தால் போதும். 2025 அக்டோபர் கடைசியில் ருமேனியாவில் அதுதான் நடந்தது. அங்கிருந்த அமெரிக்கப் பிரிகேடு திரும்பும், அதன் இடத்துக்கு வேறு பிரிகேடு வராது என்று அறிவித்தார்கள். ஒரு படையிருப்பு இப்படிச் சத்தமில்லாமல் மெலிந்துவிட முடியும்.

பணமும் அப்படித்தான் மெலிந்தது. 2019 செப்டம்பரில், மெக்சிகோ எல்லைச் சுவருக்காக 127 இராணுவக் கட்டுமான வேலைகளிலிருந்து 360 கோடி டாலரைத் திருப்பினார்கள். அதில் ஏறத்தாழ 77 கோடி, ஐரோப்பியத் தடுப்புத் திட்டத்துக்கென ஒதுக்கியது. திட்டமிட்டு, ஒப்புதல் வாங்கி, இடம் பார்த்து முடித்த வேலைகள் அவை. மாஸ்கோவில் இருப்பவர்களுக்கு ஒற்றன் அனுப்பவேண்டிய தேவையே இல்லை. அமெரிக்கப் பட்ஜெட் ஆவணம் யாரும் படிக்கக்கூடியது. எந்த வரியில் எண் குறைந்தது என்று பார்த்தாலே போதும்.

இந்த வெளிப்படைத்தன்மை பலவீனமா என்று, இந்தக் கூட்டம் தொடங்கும் முன்பே ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். நான் அப்படி நினைக்கவில்லை. திறந்த பட்ஜெட் இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொல்கிறது. நான் இங்கே இருக்கிறேன் என்பது ஒன்று. உன் மேல் பாயும் எண்ணம் எனக்கு இல்லை என்பது மற்றொன்று. நேட்டோவின் அந்த நான்கு பட்டாலியன் குழுக்களிலும் சேர்த்து அன்று ஏறத்தாழ 4,500 பேர் என்ற எண்ணைப் படிக்கும் எந்தத் தளபதிக்கும், இது மாஸ்கோவை நோக்கிப் போகும் படை இல்லை என்பது புரியும். தடுப்பதற்கென்று நிறுத்தும் படைக்கு மறைக்க ஒன்றும் இருக்கக்கூடாது. கணக்கை மறைக்கத் தொடங்கினால், எதிரி எல்லாவற்றையும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்வான். பயந்தவன் முந்திக்கொண்டு அடிப்பான்.

இவ்வளவு பணம் கொட்டியும் போர் வந்துவிட்டதே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2015 முதல் 2023 வரை இந்த ஒரு திட்டத்துக்கு மட்டும் 3,000 கோடி டாலருக்கு மேல் போனது. போர் வந்தது உக்ரைனுக்கு. அங்கே நேட்டோ படை இல்லை, வாக்குறுதியும் இல்லை. பால்டிக் நாடுகளுக்குப் போர் வரவில்லை. அதனால் திட்டம் வென்றுவிட்டது என்று நான் மார்தட்ட மாட்டேன். நடக்காத ஒன்றுக்குக் காரணம் எது என்று எந்தத் தணிக்கையாளராலும் சான்றளிக்க முடியாது. ஆனால் போரில் சிதைந்த உக்ரைனின் மரியுபோல் நகரத்தின் படங்களைப் பார்த்த பிறகு, தாலின் நகரத்தில் ஒரு குழந்தை இன்றும் தன் வீட்டிலிருந்து தன் பள்ளிக்கு நடந்துபோகிறது என்பதை எந்தச் செலவுத் தலைப்பில் வரவு வைப்பது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அந்தப் பணத்தில் மருத்துவமனை கட்டியிருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. அதைக் கேட்பவர்களை நான் மதிக்கிறேன். அதனால்தான் படைச் செலவில் ஒவ்வொரு ரூபாயும், ஒவ்வொரு டாலரும், போன இடத்தைச் சொல்ல வேண்டும் என்கிறேன். சரியாக அளந்து செய்த செலவுக்கு மட்டுமே அந்தக் கேள்வியின் முன் நிற்கும் தகுதி உண்டு.

கடைசியாக லிதுவேனியா. நேட்டோவில், வெளிநாட்டுக்கு அனுப்பும் படையின் செலவு அனுப்புகிற நாட்டுக்கே சேரும் என்பது பழைய மரபு. பொதுநிதியிலிருந்து வருவது கொஞ்சம்தான். 2023-ல் ஜெர்மனி ஒரு முடிவெடுத்தது. சுழற்சி இல்லை, ஒரு முழுப் பிரிகேடு, நிரந்தரமாக. 45-வது கவசப் பிரிகேடு என்று பெயர்; ஏறத்தாழ 4,800 வீரர்கள், 200 சிவில் பணியாளர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனி வெளிநாட்டில் நிரந்தரமாக நிறுத்தும் முதல் பிரிகேடு இது. 2025 மே 22 அன்று வில்னியஸ் பேராலயச் சதுக்கத்தில் அதன் தொடக்க விழா நடந்தது. 2027-க்குள் முழு அளவை எட்ட வேண்டும். ஒரு காலத்தில் ஜெர்மன் டாங்கியைக் கண்டு நடுங்கிய அந்த மண்ணில், மக்கள் தெருவில் நின்று அந்தப் படையை வரவேற்றதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

அந்தத் திட்டத்தில் டாங்கிகளோடு சேர்ந்து இடம்பெற்ற வேறு சில செலவுகளைக் கவனியுங்கள். வீரர்களின் குடும்பங்களுக்கு வீடுகள். குழந்தைகளுக்கு ஜெர்மன் மொழி வழிப் பள்ளி, மழலையர் பள்ளி. குழந்தையைப் பள்ளியில் சேர்க்கிறவன், அடுத்த மாதம் மூட்டை கட்டுவதாக இல்லை என்று பொருள். மாஸ்கோவில் அந்த ஆவணத்தைப் படிக்கிறவருக்கு, ஒரு பீரங்கியைவிட அந்த மழலையர் பள்ளிக்கான ஒதுக்கீடு அதிகம் உறைத்திருக்கும்.

இந்தப் பக்கம் லிதுவேனியா சும்மா இருக்கவில்லை. முகாம், சாலை, பயிற்சிக் களம் எல்லாவற்றையும் கட்டிக்கொடுக்கும் பொறுப்பு அந்த நாட்டுடையது. முப்பது லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான மக்கள் உள்ள நாடு. நிறுவனங்களின் லாபத்தின் மேலான வரியை 15 சதவீதத்திலிருந்து 16 ஆக உயர்த்தினார்கள். எரிபொருள், மது, புகையிலை மேலான வரியைக் கூட்டினார்கள். வந்த பணத்தைப் பாதுகாப்புக்கென ஒரு தனி நிதியில் சேர்த்தார்கள். ஒருமுறைக்கான நன்கொடையாக இல்லாமல், ஆண்டுதோறும் வந்து சேரும்படி சட்டமாக எழுதினார்கள்.

முகாமுக்குத் தேர்ந்தெடுத்த இடம் ருத்னிங்கை. வில்னியஸுக்குத் தெற்கே, பெலாரஸ் எல்லைக்குப் பக்கத்தில், பைன் மரக் காட்டுக்கு நடுவே. 2024 ஆகஸ்டில் அங்கே கட்டுமானம் தொடங்கியது. சோவியத் காலத்தில் அந்தக் காடு, விமானத்திலிருந்து குண்டு போட்டுப் பயிற்சி செய்யும் களமாக இருந்தது. ஆகவே அடிக்கல் போடுவதற்கும் முன்னால் செய்யவேண்டியிருந்தது, வெடிக்காமல் மண்ணில் புதைந்து கிடந்த பழைய குண்டுகளை ஒவ்வொன்றாகத் தேடி அகற்றுவது. அதற்கும் செலவு ஆனது. அதை லிதுவேனியா தன் கணக்கில் எழுதிக்கொண்டது.